காதைக் கடிக்கும் பெண்ணும் காதுகுத்து விழாவும்

குழு: பெரிய வீட்டு அரட்டை

வித்யா: பெரியம்மா, நேற்று ராத்திரி ஒரு பழைய ஜப்பானியப் படம் பார்த்தேன். ‘ஜோக்யோ’ என்று பெயர். 1960-இல் டாயெய் நிறுவனம் எடுத்தது. மூன்று கதை, மூன்று இயக்குநர், மூன்று பெரிய நடிகைகள். எல்லாமே பெண்களின் ஆசையைப் பற்றித்தான்.

பிரபு: குடும்பக் குழுவில் பேசுகிற படமா அக்கா இது?

வித்யா: நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இந்தப் பெண்களுக்கு ஆண்களை விடக் காசு மேல்தான் ஆசை.

மீனாட்சி பெரியம்மா: விவரமானவர்கள். கதையைச் சொல்.

வித்யா: முதல் கதை யசுசோ மசுமுரா எடுத்தது. ரோம் போய்ச் சினிமா படித்தவர். நாயகி அயாகோ வகாவோ, கேபரே என்கிற ஆட்டபாட்ட மதுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீடு எது தெரியுமா? டோக்கியோவின் சுமிதா ஆற்றில் நிற்கிற ஒரு படகு. வருகிறவர்களிடம் இதோ அதோ என்று ஆசை காட்டிக் காசைக் கறந்துவிட்டு நழுவிவிடுவாள். ஆண்களின் காதைக் கடிக்கிற பழக்கம் வேறு.

சுசீலா அத்தை: எல்லோரும் கவனிக்கவும். வியாழக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. காலை 9 மணிக்குள் கோயிலுக்கு வந்துவிடவும்.

பிரபு: 😂😂😂

சுசீலா அத்தை: இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மொய் எழுதப் பயமா?

ரேவதி அண்ணி: அவன் கிடக்கிறான் அத்தை, நாங்கள் வந்துவிடுகிறோம். வித்யா, அந்தக் காலத்து ஜப்பானில் இதற்கெல்லாம் தடை இல்லையா?

வித்யா: விபசாரத் தடைச் சட்டம் 1956-லேயே நிறைவேறிவிட்டது அண்ணி. தண்டனைப் பிரிவுகள் 1958 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. அதோடு விபசார விடுதித் தெருக்களை மூடினார்கள். ஆனால் பாரும் கேபரேயும் அப்படியே நடந்தன. இவள் விற்பது வெறும் நம்பிக்கையைத்தான், சரக்குக் கைமாறுவதே இல்லை. அவளை மடக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு பணக்காரப் பையன் நண்பர்களிடம் பந்தயம் கட்டுகிறான். அப்புறம் நடப்பதைச் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

மீனாட்சி பெரியம்மா: இரண்டாவது?

வித்யா: கோன் இச்சிகாவா எடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு எழுத்தாளர் கடற்கரையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். நடித்தது ஃபுஜிகோ யமமோட்டோ. பேயா மனுஷியா என்றே தெரியாத மாதிரி நிற்கிறாள். விதவையாம், வீட்டை விற்க வேண்டுமாம். இவர் சொக்கிப்போய்ச் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார். கடைசியில் பார்த்தால் அம்மணி வீட்டு புரோக்கர்! வெளிறின முகம், சோகம், எல்லாம் தொழில் நுணுக்கம்.

ரேவதி அண்ணி: எழுத்தாளர்களுக்கு இது வேண்டும்.

வித்யா: மூன்றாவது கோசபுரோ யோஷிமுரா. கியோத்தோவில் நடக்கிறது. மச்சிகோ கியோ முன்னாள் கெய்ஷா, அதாவது விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விக்கிற பெண்; இப்போது விதவை. பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் தங்குகிற விடுதியை நடத்துகிறாள். கணக்கில் புலி. விடுதிக்கு வந்த பையன் ஒருவனுக்கு அடிபட்டு ரத்தம் தேவைப்படுகிறது. இவள் கொடுக்கிறாள், மனசு இளகிவிடுகிறது.

மீனாட்சி பெரியம்மா: அதுதானே பார்த்தேன். விடுதியை ஒழுங்காக நடத்துகிற பொம்பளைக்கு என்ன நோய் என்று இந்த வைத்தியம்? ஆம்பளை கறாராக இருந்தால் கெட்டிக்காரன், இவள் இருந்தால் திருத்த வேண்டுமா? மூன்று பேரும் ஆம்பளை இயக்குநர்கள்தானே?

வித்யா: ஆமாம் பெரியம்மா, மூன்று பேருமே. எனக்கும் அங்கேதான் கசந்தது. ஆனால் மச்சிகோ கியோ முகத்தைப் பார்த்தால் திருந்தினவள் மாதிரி இல்லை. உலகப் புகழ்பெற்ற ‘ராஷோமோன்’ படத்தில் நடித்தவராயிற்றே. இதே யோஷிமுரா 1951-இலும் அவரை ஒரு கெய்ஷாவாக நடிக்க வைத்திருக்கிறார். அந்த ஊரும் அந்த நடிகையும் அவருக்கு அத்துப்படி.

ரேவதி அண்ணி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் பெரியம்மா. காசு சேர்ப்பதற்காகவே இத்தனை வருஷம் மனசைப் பூட்டி வைத்தவள் ஒரு நாள் திறந்தால் அது தோல்வியா?

மீனாட்சி பெரியம்மா: திறக்கட்டும். கல்லாச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திறக்கட்டும்.

பிரபு: 👏👏

வித்யா: 😂 பெரியம்மாவை நாலாவது கதை எழுத விட்டிருக்கலாம்.

பாலு சித்தப்பா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். ஊர் நிலம் விலை படியாமல் கிடக்கிறது. அந்தக் கடற்கரை அம்மா கமிஷன் எவ்வளவு வாங்குவார்?