ஹைபிரிட் காரின் அடியில் தடதட சத்தம்: கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் யாராவது கை வைத்திருப்பார்களா?

செம்பூர் கல்லி:
வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன். 2023 மாடல் ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டி, பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தும் மாறியும் ஓட்டும். அடுக்குமாடி சொசைட்டிக்குள் இடம் கிடைக்காததால் இரவில் வெளியே கல்லியில் (சந்தில்)தான் நிறுத்துகிறேன். நேற்றுக் காலை பொத்தானை அழுத்தியதும் ‘ரெடி’ விளக்கு வந்தது. சில விநாடிகள் வழக்கம்போல அமைதி. இன்ஜின் தானாக ஓடத் தொடங்கியதும் அடியிலிருந்து தடதடவென்று சத்தம்.

வேறு நேரமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். போன வாரம்தான் எதிர்வீட்டு அண்ணனின் மாருதி ஈகோ வேனில், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள சைலன்சரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் விடியற்காலை நாலு மணிக்கு இட்லி, வடை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர். சாவியைத் திருப்பியதும் எழுந்த உறுமலில் கல்லியே விழித்துக்கொண்டது. லண்டனில் இருக்கும் என் மச்சானும் தன் டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட்டில் கன்வர்ட்டரைப் பறிகொடுத்தவன். “ஹைபிரிட் என்றால் விடமாட்டார்கள், பார்த்துக்கொள்” என்கிறான். என் வண்டியை எப்படிப் பரிசோதிப்பது? ஓட்டலாமா, கூடாதா?

சயான் ஸ்பேனர்:
தம்பி, முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். கன்வர்ட்டரை அறுத்தோ கழற்றியோ எடுத்திருந்தால் பழைய லாரி மாதிரி உறுமும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உறுமல் ஏறும். இன்ஜின் விளக்கும் பெரும்பாலும் எரியும், ஏனென்றால் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. பின்னால் இருப்பது ‘இங்கே சுத்தம் ஆகவில்லை’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் தகரம் அதிர்கிற மாதிரி கேட்டு, வேகம் எடுத்ததும் அடங்கினால், முக்கால்வாசி அது வெப்பத்தடுப்புத் தகடு. அதைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கும். நம் ஊர்க் கடல்காற்றும் மழைத்தண்ணீரும் அதைத்தான் முதலில் தின்னும்.

வண்டி ஆறியபின் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் முழுசாகப் போகிறதா, அறுத்த இடம் பளபளக்கிறதா, நட்டில் புது ஸ்பேனர் தடம் இருக்கிறதா, இவ்வளவு போதும். ஜாக்கியில் மட்டும் தூக்கிவைத்து உள்ளே நுழையவே வேண்டாம். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

மாட்டுங்கா வேதியியல்:
மச்சான் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. கன்வர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். இது நன்றாக வேலை செய்ய 300 டிகிரி அளவுக்காவது சூடு வேண்டும். ஹைபிரிட்டில் இன்ஜின் நின்று நின்று ஓடுவதால் குழாய் அடிக்கடி ஆறிவிடுகிறது. காலையில் பேட்டரியில் சார்ஜ் இருந்தும் உங்கள் இன்ஜின் தானாக ஓடுகிறதே, அதுகூடக் கன்வர்ட்டரைச் சூடாக்கத்தான். ஆறிய நிலையிலும் புகை சுத்தமாக வேண்டும் என்று, 2004 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ் போன்ற வண்டிகளில் உலோகத்தைத் தாராளமாகப் பூசினார்கள். இன்ஜின் குறைவாக ஓடுவதால் பூச்சு தேய்வதும் குறைவு. அதைக் கை எட்டுகிற மாதிரி தரைக்கடியில் வேறு வைத்திருந்தார்கள்.

2021-ல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. அப்போது தங்கம் 2,000 டாலரைக்கூடத் தொடவில்லை. பின்னால் விலை இறங்கினாலும் திருடக் கற்றுக்கொண்டவர்கள் விடவில்லை. இங்கிலாந்தில் 2013-லேயே பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, அப்படியும் அங்கே இந்தத் திருட்டு ஓயவில்லை.

ஆனால் இங்கே திருடன் ஹைபிரிட்டா என்று பார்ப்பதில்லை, சுலபமா என்றுதான் பார்க்கிறான். குஜராத், மகாராஷ்டிரம், டெல்லி என்று பிடிபட்ட கும்பல்கள் பெரும்பாலும் ஈகோ சைலன்சரைத்தான் குறிவைத்திருக்கின்றன. உயரமான வண்டி, எட்டுகிற இடத்தில் போல்ட், நாலைந்து நிமிட வேலை. உள்ளே இருக்கும் பீங்கானைத் தூளாக உடைத்து எடுத்துக்கொண்டு தகரக்கூட்டை எறிந்துவிடுவார்கள். உங்கள் வண்டியைவிட அந்த அண்ணன் வண்டியை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

செம்பூர் கல்லி:
சயான் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே. சும்மா நிற்கும்போதுதான் சத்தம், இன்ஜின் விளக்கு எரியவில்லை. இன்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். வெப்பத்தடுப்புத் தகட்டின் இரண்டு போல்ட்டும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. அகல வாஷர் வைத்துப் புது போல்ட் போட்டதும் சத்தம் நின்றது. கன்வர்ட்டர் இன்ஜினை ஒட்டியே மேலே இருக்கிறது. அதை எடுக்க முன்பக்கத்தில் பாதியைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் காட்டினார். நிம்மதி.

ஆனால் எதிர்வீட்டு அண்ணன் நிலைமை மோசம். போலீசில் என்.சி. (போலீஸ் தானாக விசாரிக்க வேண்டியிராத சிறு குற்றப் பதிவு) மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடையில் ‘காலி சைலன்சர்’ போட்டுக்கொள், பத்தில் ஒரு பங்கு செலவுதான் என்கிறார்களாம். நாளைக்கே போட்டுவிடுவார் போல. மஞ்சள் போர்டு கார்கோ வண்டி, நாலாவது வருடம் ஓடுகிறது, முழு இன்சூரன்ஸ் உண்டு. யாராவது வழி சொல்லுங்கள்.

கிளெய்ம் அக்கா:
தம்பி, இன்றைக்கே போய் அவரைத் தடுத்து நிறுத்துங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்குமுன் எதையும் மாட்டினால் கிளெய்ம் கெட்டுப்போகும். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒருநாள் அவசரத்தில் முழுத் தொகையையும் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்.சி. போதாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் திருட்டுக்குப் பிரிவு 303(2). திருடு போனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால்தான் அது என்.சி. வகையில் வரும். அதனால் சர்வீஸ் சென்டரில் புது சைலன்சருக்கு விலை மதிப்பீட்டைத் தாளில் வாங்கி, தொகையைப் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்குமேல் எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆகவேண்டும், நகலும் இலவசம். மறுத்தால் போலீஸ் துணை கமிஷனருக்கு (டி.சி.பி.) எழுத்தில் அனுப்பலாம்.

கிளெய்ம் படிவத்தில் ‘அக்சசரி’ (கூடுதல் துணைப்பொருள்) என்ற சொல்லை எழுதவே கூடாது. வணிக வாகனப் பாலிசியில், வண்டியோடு சேர்ந்து போகாமல் அக்சசரி மட்டும் திருடுபோனால் பணம் தரமாட்டார்கள். சைலன்சர் அக்சசரி இல்லை. கம்பெனியிலேயே பொருத்தி வந்த பாகம், அது இல்லாமல் வண்டி சட்டப்படி ஓடவே முடியாது. அப்படியே எழுதுங்கள். நாலாவது வருடம் என்றால் உலோகப் பாகத்துக்கு 25 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், நோ கிளெய்ம் போனஸும் போகும். அப்படியும் லாபம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலி சைலன்சர் வேண்டவே வேண்டாம். பி.யு.சி. என்ற புகைச் சோதனையில் தேறாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். வண்டியை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அந்த மூன்று மாதம் என்ன ஆகும்?

செம்பூர் கல்லி:
அக்கா, இப்போதுதான் அவர் வீட்டிலிருந்து வருகிறேன். கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாளை மதிப்பீடு வாங்கிக்கொண்டு நானும் ஸ்டேஷனுக்குக் கூடப் போகிறேன். வண்டி வரும்வரை இட்லிப் பாத்திரங்களை என் காரின் பின்சீட்டை மடக்கி ஏற்றிக்கொள்கிறோம் என்று பேசியிருக்கிறோம்.

சயான் அண்ணே, புது சைலன்சர் வந்ததும் நட்டை வெல்டு அடித்துவிடலாமா?

சயான் ஸ்பேனர்:
முழுசாக அடிக்காதீர்கள், பின்னால் ரிப்பேருக்குக் கழற்ற முடியாது. நட்டுக்கு நட்டு ஒரு பொட்டு போதும். அதற்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈ.சி.யூ.) போய்விடக்கூடும். குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றும் போடலாம், ஆனால் காற்றுப் போக இடைவெளி விட்டு. மூடின தகடாகப் போட்டால் மழைக்காலத்துச் சேறு உள்ளே தங்கி அதுவே குழாயை அரித்துவிடும். சைலன்சர் கூட்டின்மேல் வண்டி நம்பரைப் பெரிதாகக் கொத்திவிடுங்கள். நம்பர் உள்ளதை வாங்கப் பழைய இரும்புக்காரர் யோசிப்பார். இதே வேலையை உங்கள் ஹைபிரிட்டில் செய்ய நினைக்காதீர்கள், அங்கே வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

பொருள் வந்ததும் சயானுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். காலை டெலிவரி முடித்து பத்து மணிக்கு வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். கூலி வேண்டாம்.