ஏர்டைம்: எம்பலா, அந்தரமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நேற்று ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் ரியாத் அருகே கித்தியாவில் வந்திருக்கும் ஃபால்கன்ஸ் ஃப்ளைட் ரோலர் கோஸ்டரைப் பற்றிப் படித்தேன். 195 மீட்டர் உயரம், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம், நாலேகால் கிலோமீட்டர் தடம் என்று எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: ‘பிரம்மாண்டமான ஒளிபரப்பு நேரக் குன்றும் இதில் உண்டு.’ இரண்டு தரம் படித்த பிறகுதான் பிடிபட்டது. ஏர்டைம் என்பதை டிவிக்காரர்கள் சொல்லும் பொருளில் எடுத்துவிட்டார்கள். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தேடியிருப்பார். எடுத்துக்கொள்ள நம்மிடம் ஒரு சொல் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோஸ்டர் ஒரு மேட்டில் ஏறி, உச்சியைத் தாண்டிக் கீழே சாயும்போது தொடை சீட்டை விட்டு விலகும். அடிவயிறு ஜிவ்வென்று இழுக்கும். அந்த ஒன்றிரண்டு நொடிதான் ஏர்டைம். என் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் வரிசையில் நிற்பது அதற்காகத்தான்.

புது ரைடு வருகிறது என்று எங்காவது அறிவிப்பு வந்தால் ரசிகர்கள் முதலில் அலசுவதும் அதைத்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த கிங்டா கா என்ற கோஸ்டர் 139 மீட்டர் உயரம். மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி, ஒரு நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடும். 2024 நவம்பரில் மூடி, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தியானாவில் தி வாயேஜ் என்று ஒரு மரக் கோஸ்டர் 2006 முதல் ஓடுகிறது. உயரம் 50 மீட்டர்தான். ஆனால் ஒரு சவாரியில் ஏர்டைம் மட்டும் 24 நொடிக்கு மேல். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் தயங்காமல் வாயேஜ் என்பேன். கிங்டா கா நின்ற இடத்தில் அடுத்து வருவதும் வெறும் உயரக் கோபுரமாகப் போய்விடக் கூடாதே என்றுதான் பல ரசிகர்களுக்குக் கவலை. இந்தக் கவலையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. உயரம் எழுதலாம், வேகம் எழுதலாம், எத்தனை கோடி என்று எழுதலாம். பார்க் வெளியிட்ட அறிக்கையில் இருப்பதையெல்லாம் எழுதிவிடலாம். ஏறியவன் உடம்பு உணர்ந்ததை எழுத மட்டும் வழியில்லை.

இப்போது இது நம் வீட்டுச் சங்கதியாகவும் ஆகிவிட்டது. 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா பார்க்கில் தஞ்சோரா என்ற கோஸ்டர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பொலிஜர் அண்ட் மபில்லார்ட் நிறுவனம் செய்தது. வண்டி தடத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும், காலுக்குக் கீழே தரை கிடையாது. இந்தத் தொங்கு வகையில் சுழற்சியும் அழுத்தமும்தான் விருந்து. ஏர்டைம் அவ்வளவாக இராது. இதை அறியாமல் ஏறிவிட்டு ‘வயிற்றை இழுக்கவே இல்லையே’ என்று ஒருவர் எழுதினால் அது ரைடின் குற்றமா, எதிர்பார்த்தவர் குற்றமா? சொல் இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

நான் முன்வைக்கும் சொல்: எம்பல். எம்பிக் குதி, எம்பி எடு என்று தினமும் சொல்கிறோம். எம்பு என்ற வினையிலிருந்து நேராக வருகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
பெங்களூர் ஜாலஹள்ளியிலிருந்து

———

தம்பி, வணக்கம்.

நல்ல முயற்சி. ஆனால் எம்பல் எனக்கு ஒப்பவில்லை. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். எம்புவது என்றால் காலை ஊன்றி, தன் பலத்தில் எழுவது. கோஸ்டரில் நீங்கள் என்ன பலம் போட்டீர்கள்? சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வண்டி உச்சியைக் கடக்கும் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்று வையுங்கள், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். உச்சியின் வளைவு ஆரம் 40 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 10. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஏறக்குறைய சரிக்குச் சரி. கையால் எறிந்த கல் எந்தப் பாதையில் போகுமோ அதே பாதையில் உங்கள் உடம்பும் போகிறது, சீட்டும் கூடவே போகிறது. ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை.

அதே வேகத்தில் ஆரத்தை 25 மீட்டராகக் குறையுங்கள். 16 வரும். இப்போது தடம் உங்களை விடச் சீக்கிரமாகக் கீழே வளைகிறது. உடம்பு கல்லின் பாதையிலேயே போகப் பார்க்கும். மடிக்கு மேலே இருக்கும் கம்பிதான் தொடையை அழுத்தி உங்களைக் கீழே கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் நீங்கள் எழவில்லை, சீட்டுதான் உங்களை விட்டுப் போகிறது. எம்பல் என்று பெயர் வைத்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தப்பாகவே புரிந்துகொள்ளும்.

ராஜாஜிநகர்

———

எல்லாருக்கும் வணக்கம். நான் அல்சூர். வாத்தியார் சொன்னதைப் படிச்சதும் எங்க அப்பா நினைப்பு வந்திச்சு, அதான் எழுதுறேன்.

அப்பா திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் போடுவார். நாலு தொட்டில் உள்ள மரராட்டினம், கையாலதான் சுத்தணும். கூட்டம் கம்மியா இருந்தா என்னை ஒரு தொட்டில்ல உட்கார வெச்சு, அது உச்சிக்குப் போனதும் கட்டையைப் புடிச்சு நிறுத்திடுவார். கீழ இருந்து, ‘என்னடா, அந்தரத்துல நிக்குறியா?’ன்னு கேட்பார். அப்புறம் பொசுக்குன்னு விட்டுடுவார். தொட்டில் இறங்கும், நான் மட்டும் அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தரம்னு வெச்சா என்ன? சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்தர் பல்டின்னு சொல்றோமே, அதுலயும் இதுதானே இருக்கு.

———

அன்பு அல்சூர் அண்ணா, ராஜாஜிநகர் சார்,

இரண்டு மடலையும் படித்துவிட்டு உடனே பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போனேன். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, சல்லகட்டாவில் இறங்கி, மைசூர் ரோட்டில் பஸ். அவள் ஃப்ளாஷ் டவர் என்ற கோபுர ரைடில் ஏறினாள். நான் வேண்டுமென்றே கீழேயே நின்றுகொண்டேன். இதுவரை எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், ஏறியவரின் உடம்பை ஒரு தடவைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை.

மேலே போய் ஒரு கணம் நின்றது. சட்டென்று விட்டதும் முதலில் கால்கள்தான் தெரிந்தன. தொங்கிக்கொண்டிருந்த அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் முன்னால் உயர்ந்தன. அவளுடைய இரட்டை ஜடை, நுனியில் கட்டிய சிவப்பு ரிப்பன் உட்பட, காதுக்கு மேலே நெட்டாக நின்றது. பிரேக் பிடித்த நொடியில் இரண்டும் தோளில் வந்து விழுந்தன. இறங்கி ஓடிவந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: ‘சித்தப்பா, சீட்டு கீழ போயிடுச்சு. நான் மேலயே நின்னுட்டேன்.’

சார், அவளுக்கு ஆரமும் தெரியாது, முடுக்கமும் தெரியாது. நீங்கள் சொன்னதைத்தான் சொன்னாள். எம்பலைத் திரும்பப் பெறுகிறேன். பஸ்ஸின் கடைசி சீட்டை வைத்து ‘தூக்கல்’ என்று ஒன்றையும் யோசித்து வைத்திருந்தேன். வேகத்தடையில் தூக்கிப் போடும் அல்லவா? அங்கேயாவது சீட்டு கீழிருந்து தள்ளுகிறது. இங்கே தள்ளுவதும் இல்லை, தூக்குவதும் இல்லை. அதுவும் வேண்டாம். என் ஓட்டு அந்தரத்துக்கு.

ஜாலஹள்ளி

———

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட ஆக்களுக்கு அந்தரம் எண்டால் வேற. அவசரம், பதைபதைப்பு, என்ன செய்யிறதெண்டு தெரியாத நிலை. ‘அந்தரப்படாதை’ எண்டு அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவா. குழப்பம் வராதோ?

ஆனால் ஒண்டு சொல்லவேணும். இஞ்ச கனடாஸ் வொண்டர்லாண்டில 2008இல வந்த பெஹிமத் கோஸ்டரில பிள்ளையளோட ஏறியிருக்கிறன். அதில ஒவ்வொரு மேட்டிலயும் மெதுவாத் தூக்கி வச்சுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். முதல் மேட்டில எனக்கு வந்தது ரெண்டு அந்தரமும்தான்.

———

ஐயா, ‘அந்தரம்’ வடசொல். ‘இருக்கைநீங்கல்’ என்று தூய தமிழில் வைக்கலாமே. கலைச்சொல் என்று வந்துவிட்டால் வேர் தமிழில் இருப்பதே முறை.

கோவை

———

அன்பர்களே,

கோவை ஐயாவின் அக்கறை எனக்கும் உண்டு. உந்து என்ற வேரிலிருந்து பேருந்து வந்தது, நின்றது. எனக்கு அதில் பெருமைதான். இருக்கைநீங்கல் நடப்பதைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டால் யாரோ பதவி இழந்தது போல இருக்கிறது. இன்னொன்று, எண்ணிச் சொல்லிப் பாருங்கள். ‘இதில் ஏழு இருக்கைநீங்கல்கள்’ என்று வரிசையில் நிற்கும் ஒரு பையன் சொல்லுவானா? ‘ஏழு அந்தரம் மச்சான்’ என்று சொல்லுவான். ஆகாயம், பூமி போல அந்தரமும் பல தலைமுறையாக நம் வாயில் புழங்குவது. அல்சூர் அண்ணாவின் அப்பா அதற்கு அகராதி பார்க்கவில்லை.

பெயர் வைப்பதில் மற்றவர்கள் செய்ததையும் பார்த்தேன். ரோலர் கோஸ்டருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ரஷ்ய மலைகள்’. ரஷ்யர்களோ அதை ‘அமெரிக்கக் குன்றுகள்’ என்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு அது ‘எட்டுத்தடம்’, எட்டு என்ற எண்ணின் வடிவில் வளைந்த பழைய தடங்களை வைத்து. சொல்லின் வேர் எந்த மொழி என்று பார்க்காமல், அது எந்த நாட்டுடையது என்று நினைத்தார்களோ, எப்படித் தெரிந்ததோ அதைத்தான் பெயராக்கியிருக்கிறார்கள்.

ஸ்காபரோ அக்கா, குழப்பம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அந்தரம் மனசுக்கு, எங்கள் அந்தரம் உடம்புக்கு. முதல் மேட்டில் இரண்டும் சேர்ந்து வந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். பெஹிமத்தை நீங்கள் சொன்ன விதமும் உதவியது. அது சார் சொன்ன 40 மீட்டர் கணக்கைச் சேர்ந்த வகை. அதற்கு மிதப்பு அந்தரம் என்று வைக்கிறேன். கம்பி தொடையை அழுத்தும் 25 மீட்டர் வகைக்கு வீச்சு அந்தரம். தடம் வெளிப்பக்கம் சாய்ந்து ஆளைப் பக்கவாட்டில் வெளியே இழுப்பதும் உண்டு, அது பக்க அந்தரம். அந்தச் செய்தித் தளத்தின் ஒளிபரப்பு நேரக் குன்று இனி அந்தர மேடு. அளவு சொல்லும்போது ‘24 அந்தர நொடி’.

புழக்கத்தில் நிற்குமா என்று பார்க்க, கையில் இருந்த குறிப்பை இந்தச் சொல்லை வைத்துத் திருப்பி எழுதினேன்:

‘டிஸ்னி தன் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்கில் மான்ஸ்டர்ஸ் இன்க் படத்தை வைத்துக் கோஸ்டர் ஒன்றைக் கட்டவிருப்பதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. தடத்துக்குக் கீழே தொங்கும் வகையில் டிஸ்னிக்கு இதுதான் முதல். குடும்பத்தோடு ஏறும் ரைடு என்பதால் வீச்சு அந்தரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு மிதப்பு அந்தரம் கிடைத்தால் போதும், பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இருக்கும். இதே டிஸ்னி, தன் மேஜிக் கிங்டம் பார்க்கில் இருந்த ஆற்றையும் டாம் சாயர் தீவையும் 2025 ஜூலையில் மூடியது, கார்ஸ் படத்தை வைத்துப் புதுப் பகுதி கட்டுவதற்காக. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கவே அங்கே போனவர்கள் உண்டு. அந்தரம் தேடி ஓடுகிற எனக்கும் அந்த ஆறு போனதில் வருத்தம்தான். ஒரு பார்க்குக்கு இரண்டும் வேண்டும்.’

முன்பு என்னால் இதை எழுத முடியவில்லை. இப்போது ஒரே மூச்சில் வந்தது. படிக்கும்போது எங்காவது தட்டினால் சொல்லுங்கள்.

ராஜாஜிநகர் சார், ஒரு வேண்டுகோள். உங்கள் மடலில் ‘மடிக்கு மேலே இருக்கும் கம்பி’ என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை மடிக்கம்பி என்று எழுதலாமா? வளைவில் அதன் மேல் எத்தனை கிலோ அழுத்தம் விழுகிறது என்று ஒரு கணக்கும் போட்டுக் கொடுங்கள். அண்ணன் மகள் கேட்கிறாள், அடுத்த தடவை பிடதியில் ரீகாயில் கோஸ்டரில் ஏறுவதற்கு முன்னால் அவளுக்கு அது தெரிய வேண்டுமாம்.

ஜாலஹள்ளி