பைக்கில் இழுக்கும் நண்டு டிரெய்லர் வால் ஆட்டுகிறது, காற்றைக் குறைக்கலாமா?

தங்கச்சிமடத்தான்:
என்னிடம் இருப்பது 125 சிசி பைக். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவாக இருந்தபோது, தெரிந்த பட்டறையில் சொல்லி அதற்கு இரண்டு சக்கர டிரெய்லர் செய்துகொண்டேன். வெறும் வண்டி 45 கிலோ. நண்டு, ஐஸ், வலை என்று 90 கிலோ வரை ஏற்றுகிறேன். பாம்பன் பாலம் தாண்டி மண்டபத்தில் நண்டு கம்பெனியில் இறக்க வேண்டும்.

வெறுமையாகத் திரும்பும்போது பூனைக்குட்டிபோல் பின்னாலேயே வருகிறது. சுமையோடு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், யாரோ சீட்டைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பதுபோல் இருக்கிறது. நேற்று பாலத்தின் நடுமேட்டில் கைப்பிடிச் சுவரை உரசப் பார்த்தேன். டயரில் காற்றைக் குறைத்தால் சரியாகும் என்கிறார் பட்டறைக்காரர். குறைக்கலாமா?

கரைவலை:
வேண்டாம் தம்பி. காற்று குறைந்தால் டயர் பக்கவாட்டில் நெளியும், ஆட்டம் இன்னும் கூடும். ஐஸ் பெட்டியை எங்கே வைக்கிறீர்கள், முன்னாலா பின்னாலா?

தங்கச்சிமடத்தான்:
பின்னால்தான் அண்ணே. கம்பெனியில் முதலில் பெட்டியைத்தான் இறக்குவார்கள். வலை முன்னால் கிடக்கும்.

கரைவலை:
அப்படியென்றால் இது பின்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். உங்கள் டிரெய்லர் பைக்கின் பின்சக்கரத்தை அப்படித்தான் தூக்கப் பார்க்கிறது. பின்சக்கரத்தின் பிடிமானம் குறைந்தபின், சிறு மேடுபள்ளமோ பக்கக்காற்றோ தொட்டுவிட்டாலும் ஆட்டம் அடங்காமல் வளரும்.

நண்டு நிறுக்கும் தொங்கு தராசு உங்களிடமே இருக்குமே. சமதரையில் முழுச் சுமையோடு கொக்கியைக் கழற்றி, டிரெய்லரின் முன்கம்பைத் தராசில் மாட்டித் தூக்குங்கள். மொத்தம் 135 கிலோ என்றால் முன்கம்பில் 14 முதல் 20 கிலோ வரை காட்ட வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் அடைத்துவிடாதீர்கள். அளவு மீறினால் பைக்கின் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது.

வழியில் ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள். ஆடிக்காற்று வீசும் நாளில் பாலத்தின்மேல் 25-ஐத் தாண்டாதீர்கள்.

உச்சிப்புளி லேத்:
முன்கம்பை ஒன்றரை அடி நீட்டினால் ஆட்டம் குறையும்.

கரைவலை:
குறையும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பின்னாலேயே இருந்தால் கம்பை நீட்டி என்ன பயன்?

உச்சிப்புளி லேத்:
சரி. இன்னொன்று: சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சுமை ஏற்றுவதற்காக டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குகிறீர்களா?

தங்கச்சிமடத்தான்:
ஆமாம். வள்ளத்திலிருந்து நேராக மாற்றிவிடுவோம். சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப் பாதி முழுகும்.

உச்சிப்புளி லேத்:
ஓடிவந்த சூட்டோடு இறக்கினால், ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சக்கரத்தை ஈரமணலோடு நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கி வாருங்கள். பத்தடி தூரம் சுமப்பது பேரிங் மாற்றுவதைவிட மலிவு.

சேதுச்சாலை:
எல்லாரும் நட்டும் போல்ட்டும் பேசுகிறீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு வேண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். பைக்குக்குப் பின்னால் இப்படி மாட்ட அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

தங்கச்சிமடத்தான்:
இன்று காலை பார்த்தேன். தராசுக்கு வேலையே இல்லை. கொக்கியைக் கழற்றியதும் முன்கம்பு தானாகவே மேலே எழும்பி என் தாடையில் இடித்தது. பெட்டியை ஆக்சிலுக்குச் சற்று முன்னால் தள்ளிக் கட்டினேன், வலை பின்னால் போனது. தராசு 17 கிலோ காட்டியது. காற்றில்லாத உள்சாலையில் 45 வரை ஓட்டினேன், ஆட்டம் இல்லை.

இடது ஹப்பைத் திறந்தால் கிரீஸ் மோர்போல் வெளுத்துக் கிடந்தது. பேரிங்கில் விரல் நுழையும் இடமெல்லாம் செம்மண் நிறத் துரு. இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

திங்கள்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறேன். அதுவரை பெட்டி லோடு ஆட்டோவில் போகிறது. வாடகையை நினைத்தால்தான் தாடையைவிட அதிகம் வலிக்கிறது.