இரட்டை வண்ண வேன் மாடல்: டேப்புக்கு அடியில் சிவப்பு கசிவது ஏன்?

தகரடப்பா (கேள்வி)

1/24 அளவு ஃபோக்ஸ்வாகன் டி1 வேன், பிளாஸ்டிக் கிட். ஜன்னலுக்குக் கீழே ஓடும் கோட்டுக்கு மேல் வெள்ளை, கீழே சிவப்பு. பக்கவாட்டில் பிரச்சினை இல்லை. முகப்பில் அந்தக் கோடு வி மாதிரி இறங்கும் இடத்தில்தான் எல்லாக் கூத்தும். வளைவில் சிவப்பு மயிர் மயிராக வெள்ளைக்குள் ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் டேப்போடு வெள்ளையும் உரிந்து பிளாஸ்டிக் தெரிகிறது. சிவப்பின் விளிம்பு விரலில் தட்டும் அளவுக்கு மேடாக நிற்கிறது. ஹார்டுவேர் கடை மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் மாடலுக்கான லாக்கர் (தின்னரில் கரையும், சீக்கிரம் காயும் பெயிண்ட்) ஸ்ப்ரே கேன். வெள்ளை அடித்து 4 மணி நேரத்தில் டேப் ஒட்டினேன். எங்கே தப்பு?

நுனித்தூரிகை

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கசிவிலிருந்து வருகிறேன்.

ஹார்டுவேர் கடை டேப் சுருக்கம் வைத்த தாள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு குட்டிக் குழாய். ஈரமாக விழும் பெயிண்ட் அதன் வழியே உள்ளே இழுபடும். விளிம்புக் கோட்டுக்கு டாமியாவின் மஞ்சள் டேப் போல மெல்லிய தாள் டேப் வேண்டும். ஆனால் அதுவும் வளைவில் படியாது. வி இறங்கும் இடத்துக்கு 2 மி.மீ. வினைல் டேப் போடுங்கள். அதை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஒரு மணி நேரத்தில் வளைவின் உள்பக்கம் எழும்பிவிடும். தளர்வாக வைத்து, பல்குத்தியின் மழுங்கிய முனையால் விளிம்பை மட்டும் நீவுங்கள். அதன் மேல் 6 மி.மீ. தாள் டேப், மற்ற இடத்துக்கெல்லாம் சாதாரணத் தாள் போதும். கதவு இடுக்குப் பள்ளங்களை டேப் பாலம் போலத் தாண்டும், அங்கேயும் பல்குத்தியால் உள்ளே அழுத்திவிடுங்கள்.

இனி முக்கியமான வேலை. டேப் ஒட்டியதும் சிவப்பை எடுக்காதீர்கள். அதே வெள்ளையை டேப் விளிம்பின் மேல் இரண்டு முறை லேசாக அடித்து, 15 நிமிடம் விடுங்கள். எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளையே புகுந்து அடைத்துக்கொள்ளும். வெள்ளைக்குள் வெள்ளை கசிந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளை தீர்ந்துவிட்டால் கிளியர் கோட்டும் (நிறமில்லாப் பூச்சு) இதைச் செய்யும்.

சிவப்பை 20–25 செ.மீ. தள்ளி நின்று, டேப் பக்கமிருந்து வண்டியின் கீழ்ப்பக்கம் நோக்கி அடியுங்கள். எதிர்த்திசையில் அடித்தால் காற்றே பெயிண்டை டேப்புக்கு அடியில் தள்ளும். முதல் கோட்டிங்கில் வெள்ளை தெரியத்தான் வேண்டும், வெறும் தூவல் அது. 10 நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய கோட்டிங். ஒரே அடியில் மூட நினைத்ததால்தான் உங்களுக்கு மேடு வந்திருக்கிறது.

உப்புத்தாள்

மேலே சொன்னது சரி. உரிந்து வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

4 மணி நேரம் போதவே போதாது. லாக்கர் வெள்ளைக்கு ஒரு நாள் முழுசாக விடுங்க, எனாமல் என்றால் ஒரு வாரம். மூக்கருகே வைத்தால் தின்னர் வாசனை வருதா? அப்படின்னா இன்னும் காயவில்லை. ஆனால் பிளாஸ்டிக்கே தெரியும்படி உரிந்தது என்றால் அடித்தளமே பிடிக்கவில்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழலப் பூசும் எண்ணெய்ப்பசை கிட்டில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவி, காயவிட்டு, லாக்கர் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கணும். டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசையின் வீரியம் குறையும்.

டேப்பை மேலே தூக்கி எடுக்காதீங்க. அதன் மேலேயே மடக்கி, தரையோடு தரையாக மெதுவாக இழுங்க. கடைசி கோட்டிங் முடிந்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் எடுத்துடலாம். மறுநாள் வரை விட்டால் சிவப்புப் படலம் இறுகி, விளிம்பு பல்லுப்பல்லாக உடையும்.

நுனித்தூரிகை

அரை மணிக் கணக்கு லாக்கருக்குத்தான். வாலெஹோ மாதிரித் தண்ணீர் அக்ரிலிக் ரப்பர் போல இழுபடும். அதற்கு விளிம்பு ஓரமாகப் புது பிளேடை எடை கொடுக்காமல் ஒருமுறை ஓட்டிவிட்டு எடுப்பது நல்லது.

தகரடப்பா

கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பு நிறம். மேலே வெள்ளை லேசாக ரோஸ் அடிக்கிற மாதிரி இருக்கிறது. அதுவும் கசிவா? வி-யின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர என்ன வழி?

ஈரத்தாள்

அது டேப் கசிவு இல்லை. சிவப்பு பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் லாக்கர் தின்னரில் கரைந்து மேலே ஊறுகிறது. வெள்ளை மேல் வெள்ளை அடித்துக்கொண்டே போனாலும் நிற்காது. பிரைமருக்கு மேல் ஒரு சில்வர் கோட்டிங், காய்ந்த பிறகு வெள்ளை. அலுமினியத் துகள் சாயத்துக்குத் தடுப்பாக நிற்கும். சாம்பல் பிரைமரை மட்டும் நம்பாதீர்கள்.

வி-க்கு: ஒரு பக்கம் அகல டேப்பை ஒட்டி, பாடியில் புடைத்திருக்கும் கோட்டின் மேல் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். வடிவம் அப்படியே பதியும். அதை எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி வெட்டுங்கள். மறுபக்கத்துக்கு அதை டிரேசிங் பேப்பரில் வரைந்து, தாளைத் திருப்பி வைத்து இன்னொன்று வெட்டுங்கள். கீழ் முனையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். முனையைப் பாடியின் மேல் வைத்து வெட்டினால் கத்திக்கீறலில் சிவப்பு இறங்கும், அதை மறைக்கவே முடியாது.

இந்த வேனில் உங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. குரோம் பட்டை உள்ள மாடல் என்றால், புடைத்த கோட்டின் மேல் மெட்டல் ஃபாயில் ஒட்டப் போகிறீர்கள். நிறம் மாறும் இடத்தை அந்தப் புடைப்பின் அகலத்துக்குள் வைத்துக்கொண்டால் சின்னப் பிசிறு எல்லாம் ஃபாயிலுக்கு அடியில் போய்விடும். மேட்டை மட்டும் முன்னாடியே 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். ஃபாயில் மெல்லியது, அடியில் உள்ள படி அப்படியே மேலே தெரியும்.

இப்போது உள்ள கசிவைத் தின்னரால் துடைக்கப் போகாதீர்கள். இரண்டுமே லாக்கர், வெள்ளையும் சேர்ந்து கரையும். உரிந்த இடம் வேறு இருப்பதால் பெயிண்டை முழுசாகக் கழற்றி மறுபடி பிரைமரிலிருந்து வருவதுதான் குறைந்த வேலை.