பயிற்சி ஆண்டு அனுபவ ஆண்டாகுமா? சி.டி. டெக்னாலஜிஸ்ட் பணித் தகுதி குறித்து

கதிரறை:
பொது மருத்துவமனையின் சி.டி. பிரிவுக்கு, அதாவது எக்ஸ்ரே கொண்டு உடலின் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கும் பிரிவுக்கு, ஸ்கேன் எடுக்கும் டெக்னாலஜிஸ்டைச் சேர்க்கும்போது, படிப்பை முடித்தபின் ஓராண்டு சி.டி. அனுபவம் கேட்பது அநியாயம் என்று இளம்பிறை என்பவர் நேற்று இன்னோர் இழையில் எழுதியிருந்தார். படிப்பின் கடைசி ஆண்டில் மருத்துவமனையில் பெறும் பயிற்சியான இன்டர்ன்ஷிப்பையே அந்த ஓராண்டாகக் கணக்கிட வேண்டுமாம். இப்போதைய இயந்திரங்கள் டோஸை, அதாவது நோயாளிக்குப் போகும் கதிர்வீச்சின் அளவை, தாமே சரிசெய்துகொள்வதால் ஆளுக்கு அங்கே பெரிய வேலை இல்லையாம். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் 19 ஆண்டுகளாக அந்த அறையில் நிற்பவன்.

மேசையின் உயரத்தைத் தவறாக வைத்து, நோயாளி கேன்ட்ரி என்ற வளையத்தின் நடுவில் இல்லாமல், ஸ்கேனைத் திட்டமிட முதலில் எடுக்கும் ஸ்கவுட் படத்தை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்ரே குழாய்க்கு அருகே உடல் வந்துவிட்டால் அந்தப் படத்தில் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். விலகிப் போனால் சிறிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிந்த உடலுக்கு இயந்திரம் குழாயின் மின்னோட்டத்தையும் அதனால் டோஸையும் கூட்டும், சிறிதாகத் தெரிந்த உடலுக்குக் குறைத்து, படத்தைப் புள்ளி புள்ளியாக, இரைச்சலாக்கித் தரும். நாம் எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் இயந்திரம் நம்புகிறது. அந்தக் கையும் கண்ணும் படிப்பை முடித்த பிறகு வருபவை. இன்டர்ன்ஷிப் அனுபவமாகாது.

இளம்பிறை:
எழுதியது நான்தான், அதை நான் திரும்பப் பெறப்போவதில்லை. மேசை உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் தெரியும். அதை நான் கற்றதே அந்த இன்டர்ன்ஷிப்பில்தான். பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் 12 மாதம் இருந்தேன், அதில் ஏழு மாதம் சி.டி. அறையில். பகலில் மூத்தவர் பக்கத்தில் இருப்பார். இரவில் அவர் ஓய்வறைக்குப் போய்விடுவார்; விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு நான்தான் ஸ்கேன் எடுப்பேன். பதிவேட்டில் அவருடைய பெயர்தான் இருக்கும். பிறகு ஒரு நேர்காணலில் என் சான்றிதழைப் பார்த்து, அதில் 'பயிற்சியாளர்' என்ற சொல் இருப்பதால் அனுபவம் பூஜ்யம் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை வாங்கும்போது ஆளாகத் தெரிந்த நான், வேலை கேட்கும்போது மட்டும் மாணவராகத் தெரிந்தது எப்படி? பயிற்சி ஆண்டு அனுபவ ஆண்டுதான்.

கதிரறை:
தம்பி, நீங்கள் சொன்னதே உங்களுக்கு எதிரான சாட்சி. பதிவேட்டில் மூத்தவரின் பெயர் இருந்தது என்கிறீர்கள்; அப்படியானால் தவறு நடந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. தவறுக்குத் தன் பெயரில் பதில் சொல்லிய காலம்தான் அனுபவம். மேற்பார்வையின்றி உங்களை விட்டுப் போனது அவருடைய குற்றம். ஒருவருடைய குற்றம் இன்னொருவருக்குத் தகுதியாகிவிடாது.

இளம்பிறை:
முதலில், நான் தம்பி அல்ல, பெண். இரவில் தனியாக ஸ்கேன் எடுத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இரண்டாவதாக, கையொப்பம் இட்டவருக்கு அனுபவமும் கையைப் பயன்படுத்தியவருக்குப் பூஜ்யமும் என்பது எந்த ஊர் நியாயம்?

கதிரறை:
தவறாக விளித்ததற்கு வருந்துகிறேன், சகோதரி. ஆனால் விளித்ததில் இருந்த பிழை வாதத்தில் இல்லை.

வெட்டுமுகம்:
இந்த இழையைப் பார்த்ததும் பழைய காயம் திறந்துவிட்டது. நான் ஆறு ஆண்டுகளாகத் தனியார் ஸ்கேன் மையத்தில் இருக்கிறேன், நாளொன்றுக்கு நாற்பது பேர் வரை பார்க்கிறேன். சென்ற ஆண்டு இதே கதிரறை ஐயா, தனியார் மைய அனுபவம் பொது மருத்துவமனைக்குச் செல்லாது என்று எழுதி, எங்களை 'பொத்தான் அழுத்தும் டெக்னீஷியன்கள்' என்றார். இன்றைக்குத்தான் பொத்தானுக்குப் பின்னால் கண்ணும் கையும் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது போலும். டெக்னீஷியன் என்ற சொல்லை அவர் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. நாங்கள் படித்தது கதிர்ப்பட நுட்பவியல், நாங்கள் டெக்னாலஜிஸ்டுகள்.

கதிரறை:
சென்ற ஆண்டு நான் எழுதியதை முழுவதும் எடுத்துப் போடுங்கள், பாதியை வெட்டிக் காட்டாதீர்கள். நேரம் குறித்துக்கொண்டு நடந்து வருகிற நோயாளிகளையே ஆறு ஆண்டு பார்த்தவர், மூச்சுக்குழாய் பொருத்தி, கழுத்து அசையக்கூடாத நிலையில், பெயர்கூடத் தெரியாமல் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்படுபவரைக் கையாளத் தனியாகப் பழக வேண்டும் என்று எழுதினேன். அதில் எந்தச் சொல்லையும் மாற்றத் தயாரில்லை. டெக்னீஷியன் என்பது வசைச் சொல் அல்ல, நானும் அந்தப் பெயரில்தான் பணியில் சேர்ந்தேன். பெயரை மாற்றியதால் யாருடைய ஸ்கேனும் தெளிவாகிவிடவில்லை.

வெட்டுமுகம்:
பெயரில் ஒன்றுமில்லை என்றால், 'பயிற்சியாளர்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் ஏழு மாதத்தை ஏன் பூஜ்யமாக்குகிறீர்கள்?

எண்ணளவி:
நான் மருத்துவ இயற்பியல் பிரிவில் இருப்பவன். 'அனுபவம்' என்ற சொல்லுக்குக் கதிரறையும் இளம்பிறையும் வெவ்வேறு பொருள் வைத்துக்கொண்டு மோதுகிறீர்கள். அமெரிக்காவில் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பதிவு அமைப்பு 1995 முதல் சி.டி.க்கென்று தனிச் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. ஏற்கெனவே கதிர்ப்படம் போன்ற அடிப்படைத் துறை ஒன்றில் தகுதி பெற்றவரே அதற்கு வர முடியும். அங்கே எத்தனை ஆண்டு இருந்தாய் என்ற கேள்வியைவிட, தலை, மார்பு, வயிறு, இரத்தக்குழாய் என்று எந்தெந்த ஸ்கேனை எத்தனை முறை நீயே செய்தாய், அதைச் சரிபார்த்தவர் யார் என்ற பட்டியலுக்கே மதிப்பு. ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு அப்படியொரு பதிவேட்டைக் கேட்டால், இந்தச் சண்டையின் பாதி தேவைப்படாது.

கதிரறை:
பட்டியல் இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த அமைப்பும் முதலில் அடிப்படைத் தகுதியை முடித்துவிட்டு வா என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். 'முடித்தபின்': நான் தொடக்கத்திலிருந்து சொல்வதும் அந்த ஒரு சொல்தான்.

இளம்பிறை:
அவர் சொன்னதில் 'சரிபார்த்தவர் யார்' என்ற பகுதியைக் கவனியுங்கள். மேற்பார்வையில் செய்த வேலைக்கு அங்கே மதிப்பு உண்டு. நான் தொடக்கத்திலிருந்து சொல்வதும் அதுதான்.

எண்ணளவி:
நான் சொன்னது இரண்டுமல்ல.

கதிரறை:
சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளே பணியாளரையும் பயிலுநரையும் பிரிக்கின்றன. பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. பயிலுநருக்கு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்தான். உலகமே ஒப்புக்கொண்ட வேறுபாட்டை ஒரு நேர்காணல் குழு ஒப்புக்கொண்டதில் என்ன தவறு?

எண்ணளவி:
திருத்துகிறேன். அந்த 6 மில்லிசீவர்ட் வரம்பு 16 முதல் 18 வயது வரையுள்ள பயிலுநருக்கும் மாணவருக்கும் உரியது. அது வயதை வைத்து வகுத்த வரம்பு. திறமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 18 வயதைக் கடந்து கதிர்வீச்சுப் பணியில் இருக்கிறவருக்கு, பயிற்சியில் இருந்தாலும், பணியாளருக்கான வரம்புதான்.

இளம்பிறை:
எனக்கு அப்போது வயது 21. ஆகவே கதிர்வீச்சின் கணக்கில் நான் முழுப் பணியாளர். நேர்காணலின் கணக்கில் மட்டும் குழந்தை. தெளிவாக்கியதற்கு நன்றி, கதிரறை ஐயா.

கதிரறை:
வயது வரம்பைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இன்டர்ன்ஷிப் அனுபவமாகிவிடாது.

அகலக்கண்:
ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை தரும் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், இரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ ஸ்கேனுக்கு அயோடின் கலந்த அந்த மருந்து விநாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் போகிறது. கையின் இரத்தக்குழாயில் பொருத்தும் கேனுலா சரியாக உட்காராமல் இருந்தால் மருந்து இரத்தக்குழாய்க்கு வெளியே திசுவுக்குள் இறங்கிக் கை வீங்கிவிடும். எந்த இரத்தக்குழாயில் மருந்து வருவதைக் கண்காணிக்க வேண்டும், எந்த அளவைத் தொட்டதும் ஸ்கேனைத் தொடங்க வேண்டும் என்பதில் சில விநாடிகள் தவறினால், இரத்தக்கட்டி இருந்தும் இல்லாததுபோல் தோன்றும் படம் என் திரைக்கு வரும். சிறுநீரகச் செயல்பாட்டையும் முன்பு ஒவ்வாமை வந்ததா என்பதையும் கேட்காமல் மேசையில் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் புதியவர்களும் உண்டு, இருபது ஆண்டு அனுபவம் என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு.

கதிரறை:
மருத்துவர் ஐயா, இருபது ஆண்டு என்று என்னைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்பது புரிகிறது. கேனுலா போடுவது சி.டி. அறையில் நிற்கும் எங்கள் வேலையே அல்ல என்று கடிதம் எழுதிய ரேடியாலஜிஸ்டுகள் உண்டு. அதே அவர்கள் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில், 'நீயே போட்டுவிடு' என்று சொன்னதும் உண்டு. வேலையை எங்கள் தலையில் ஏற்றிவிட்டுத் தகுதியைப் பற்றிப் பேசுவது எளிது.

அகலக்கண்:
உங்களைக் குறிப்பிடவில்லை. இருந்தாலும், கேனுலாவை யார் போட வேண்டும் என்பது ஒவ்வொரு இடத்து விதியைப் பொறுத்தது. யார் போட்டாலும், மருந்தைச் செலுத்தும் இன்ஜெக்டரை இயக்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வெட்டுமுகம்:
தனியார் மையத்தில் நாங்கள் அதை ஒவ்வொரு முறையும் உப்புநீர் செலுத்திச் சோதிக்கிறோம். இதைச் சொன்னால் நடந்து வருகிற நோயாளிகள்தானே என்பார்.

கதிரறை:
நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்வேன் என்று நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்துக்கொண்ட 206 பேருக்கு, தர வேண்டியதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர்வீச்சு போயிருப்பது தெரியவந்தது. புரோட்டோகாலில், அதாவது ஸ்கேனுக்காக இயந்திரத்தில் பதிந்துவைத்த அமைப்பில், செய்த மாற்றம் 18 மாதம் யார் கண்ணிலும் படவில்லை. நோயாளி ஒருவருக்கு முடி கொட்டிய பிறகுதான் தேடத் தொடங்கினார்கள். ஸ்கேன் தொடங்குமுன் திரையில் வரும் டோஸ் எண்ணை வாசித்து, வழக்கமான எண்ணோடு ஒப்பிடும் பழக்கம் அந்த அறையில் ஊறியிருந்தால் முதல் வாரத்திலேயே நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பொது மருத்துவமனைக்கு வருகிறவர் வேறிடம் தேடிப் போக முடியாதவர். அவர் மேசையில் படுக்கும்போது, எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிடுகிற ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அந்தத் திடுக்கிடல் ஓராண்டு தன் பெயரில் வேலை செய்தவருக்கே வரும்.

இளம்பிறை:
அந்த 18 மாதமும் அங்கே ஸ்கேன் எடுத்தவர்கள் இன்டர்ன்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கதிரறை:
நான் அப்படிச் சொல்லவில்லை.

இளம்பிறை:
சொல்ல முடியாதென்றால், அந்தச் சம்பவம் உங்கள் வாதத்துக்கு எப்படி வலு சேர்க்கிறது? எனக்கு இன்டர்ன்ஷிப்பின் முதல் வாரத்திலேயே டோஸ் எண்ணை உரக்க வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். சி.டி. இயந்திரத்தை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்ட், மின்பொறியியல் கல்லூரி ஒன்றில் பட்டயம் பெற்றவர். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அந்த இயந்திரத்தில் வைத்தபோது, உலகத்தில் ஒருவருக்கும் ஓராண்டு சி.டி. அனுபவம் கிடையாது. உங்கள் விதியின்படி அந்த ஸ்கேன் நடந்தே இருக்கக் கூடாது.

கதிரறை:
ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரைச் சொன்னால் வாதம் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த முதல் இயந்திரம் தலையை மட்டுமே எடுத்தது, ஒரு வெட்டுப் படத்துக்குச் சில நிமிடங்கள் பிடித்தது, 80க்கு 80 புள்ளிகளில் படம் வந்தது. இன்று இதயத்தை ஒரு துடிப்புக்குள் எடுக்கிறோம். மேலும், அவர் இயந்திரம் செய்தவர், இரவுப் பணிக்கு விண்ணப்பித்தவர் அல்லர்.

வெட்டுமுகம்:
பட்டயம் என்ற சொல் வந்ததால் கேட்கிறேன். ஐயா படித்ததும் இரண்டாண்டுப் பட்டயம்தானே? இப்போது நான்காண்டுப் பட்டம் முடித்து வருகிறவர்களுக்குத் தகுதி போதாது என்று சொல்வதற்குப் பின்னால் வேறு ஏதோ மனக்குறை இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கதிரறை:
என் பட்டயத்தைத் தொட்டுவிட்டீர்கள், ஆகவே நானும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பட்டம் முடித்து நேராக வந்த மூவருக்கு என் பக்கத்தில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு, நோயாளி மூச்சைப் பிடிக்க முடியாமல் தவிப்பது கண்ணாடிக்கு அந்தப்புறம் தெரியவே இல்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இயற்பியலை என்னைவிட நன்றாகச் சொல்வார், இன்று என்னைவிட நன்றாக ஸ்கேனும் எடுக்கிறார். இடையில் ஓராண்டு ஆயிற்று. நான் கேட்பது அந்த ஓராண்டை மட்டும்தான். எனக்கு யார்மீதும் மனக்குறை இல்லை.

இளம்பிறை:
அந்த ஓராண்டு அவர் உங்கள் பக்கத்தில், உங்கள் மேற்பார்வையில் நின்றார். அவருக்கு மாதச் சம்பளம் வந்ததால் அதை அனுபவம் என்கிறீர்கள். அதே மேற்பார்வையில் நின்ற எனக்கு உதவித்தொகை வந்ததால் பூஜ்யம் என்கிறீர்கள். சம்பளச் சீட்டுத்தான் தகுதி என்று நேராகவே எழுதிவிடுங்கள்.

அகலக்கண்:
இதற்குக் கதிரறை பதில் சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கிறேன்.

கதிரறை:
பதில் முன்பே சொல்லிவிட்டேன். பதிவேட்டில் இருந்தது அவருடைய பெயர். இளம்பிறை, நீங்கள் தனியாக எடுத்ததாகச் சொல்லும் இரவுகளில் ஒன்றிலாவது உங்கள் பெயர் பதிவேட்டில் இருந்ததா?

இளம்பிறை:
என் பெயரை எழுத விடாதவர்கள் யார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

கதிரறை:
இருந்ததா, இல்லையா?

எண்ணளவி:
ஸ்கேன் பட்டியலைப் பற்றி நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?

வெட்டுமுகம்:
படித்தோம். டெக்னீஷியன் என்ற சொல்லுக்கு இன்னும் பதில் வரவில்லை.