மறுமொழி: அன்டகோனிஸ்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் – ‘பொருநர்’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அன்டகோனிஸ்ட், அதாவது கதைத்தலைவனை எதிர்த்து நிற்கும் பாத்திரம், இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ‘எதிரி’ போதும் என்கிறார் ஒருவர். ‘எதிர்நாயகன்’ ஏற்கெனவே இருக்கிறதே என்கிறார் இன்னொருவர். நடுவில் ‘முரணன்’ என்று ஒரு புதுச் சொல்லும் வந்து விழுந்தது. (நல்ல சொல்தான். ஆனால் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், பக்கத்து அறையிலிருந்து “யார் முரடன்?” என்று குரல் வந்தது.) திறனாய்வுச் சொற்பட்டியலில் இந்த வரிசை என் பொறுப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

> வில்லன் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்?

தப்பாகப் புரிகிறது, அதனால்தான். மாக்பெத் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து தூங்கும் அரசனைக் குத்திக் கொல்கிறவன்தான் அங்கே கதைத்தலைவன். அவனை எதிர்த்து நின்று கடைசியில் அவன் தலையோடு வருகிற மாக்டஃப், மனைவி மக்களைப் பறிகொடுத்த ஒரு நல்ல மனிதன். நாடகத்தின் அமைப்பில் அன்டகோனிஸ்ட் இந்த மாக்டஃப்தான். அவனை வில்லன் என்று எழுத எந்த மொழிபெயர்ப்பாளருக்காவது மனம் வருமா? சரி, எதிர்நாயகன் என்று எழுதலாமென்றால் அது இன்னும் மோசம். ஆன்ட்டி ஹீரோவுக்கும், அதாவது நாயகனுக்குரிய நற்குணங்கள் இல்லாத கதைத்தலைவனுக்கும், நாம் அதே சொல்லைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். வாசகர் மாக்பெத்தையே நினைத்துக்கொள்வார். ஒரே சொல், எதிரெதிராக நிற்கும் இரண்டு பேர் சட்டையிலும் குத்தியிருக்கிறது.

வில்லனைப் பற்றி இன்னொரு வார்த்தை. அது இடைக்கால லத்தீனில் பண்ணையாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வயலில் வேலை செய்தவன் இழிந்தவன் ஆகி, இழிந்தவன் கொடியவன் ஆன கதை அதற்குள் இருக்கிறது. தமிழில் அந்தச் சொல் இன்னும் வேடிக்கை. ‘வில்லோன் காலன கழலே’ என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டில் வில்லோன் என்பவன் காதலியை உடன் அழைத்துக்கொண்டு போகும் தலைவன். தமிழ் இலக்கணப்படி பார்த்தால் இராமன்தான் வில்லன்! சினிமாவுக்கு அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே அது வேர்விட்டுவிட்டது. திறனாய்வில் நன்மை தீமை பார்க்காத ஒரு சொல் வேண்டும்.

> பிரதிநாயகன் என்று வடமொழியில் இருப்பதைத் தமிழாக்கினால் முடிந்தது.

முடியவில்லை. பத்தாம் நூற்றாண்டு வடமொழி நாடக இலக்கண நூலான தசரூபகம் பிரதிநாயகனுக்குச் சொல்லும் இலக்கணத்தில் பேராசை, செருக்கு, பாவம் செய்தல் எல்லாம் சேர்த்தே வருகின்றன. அங்கேயும் தீமை உள்ளே ஏறிவிட்டது. ஆனால் தண்டியின் காவியாதரிசம் என்ற வடமொழி அணியிலக்கண நூல் வேறொன்று சொல்கிறது: பகைவனின் குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் புகழ்ந்து பாடிவிட்டு, அப்பேர்ப்பட்டவனை வென்றான் என்று தலைவனை உயர்த்துவது நமக்கு இன்பம் தருகிறதாம். கம்பன் செய்ததும் இதுதான். முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் இராவணனைச் சொல்ல வருகிறான்:

வாரணம் பொருத மார்பும்
வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப
நயம்பட உரைத்த நாவும்
தாரணி மௌலி பத்தும்
சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு
வெறுங்கையோடு இலங்கை புக்கான்

களத்தில் விட்டுவந்த பொருள்களின் பட்டியல் இது. திக்கு யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சப் பாடிய நாக்கு. அத்தனையும் பெருமை, வசவு ஒன்றுகூடக் கிடையாது. வெறுங்கை என்ற ஒரு சொல்லில் ஆளை அடித்துவிடுகிறான். இவனை ‘வில்லன்’ என்ற டப்பாவில் எப்படி அடைப்பது?

இனி என் பரிந்துரை. அன்டகோனிஸ்ட் என்ற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது அகோனிஸ்டெஸ். அது போட்டியில் இறங்குகிறவனையும் குறிக்கும், நடிகனையும் குறிக்கும். ஏதென்ஸில் நாடகமே போட்டியாகத்தான் நடந்தது. நாடகத்தில் ஒருவராக இருந்த நடிகரை ஏஸ்கிலஸ் இரண்டாக்கினார், சோஃபக்ளீஸ் மூன்றாக்கினார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். புரோட்டகோனிஸ்ட் என்றால் முதல் நடிகர், அவ்வளவுதான்.

போரிடுகிறவன், மேடையேறுகிறவன் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல். அது தமிழிலும் இருக்கிறது: பொருநன். பொருதல் போர். பொருநர், பொருநராற்றுப்படையில் வரும் கலைஞர். கூடவே மூன்றாவது பொருளும் உண்டு, ஒப்பாக நிற்பவன். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ வேண்டும் என்கிறது. அந்தத் தலைவனோடு கதை முழுக்க மோதுவதற்கு நிகரான ஒருவன் வேண்டுமே, அவன்தான் பொருநன்.

ஆகவே: தலைவனுக்கு முதற்பொருநர், அவரை எதிர்ப்பவருக்கு எதிர்ப்பொருநர். ‘அர்’ விகுதி வைத்திருப்பது பெண்களுக்காகவும்தான். பாண்டியன் பக்கம் நின்று பார்த்தால் கண்ணகிதான் எதிர்ப்பொருநர்.

> ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். உடலியலில் தசைக்கும் இதே சொல் வருகிறதே?

வரட்டும். கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தளர்ந்து கொடுக்கிறது. அதற்கு ‘எதிர்த்தசை’ என்றாலே போதும். முழங்கைக்குள் பொருநரைக் குடியேற்ற நான் தயாரில்லை.

கடைசியாகத் துரோகம். இதை எதிர்ப்பொருநரோடு சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. பகைவனுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒன்னார், நண்ணார், நள்ளார், மேவார், துன்னார், ஒட்டார். எல்லாமே எதிர்மறை. ஒன்றாதவர், நெருங்காதவர், ஒட்டாதவர். பகைவன் என்பவன் பக்கத்தில் வராதவன். துரோகியோ பக்கத்தில் வந்தவன், ஒட்டியவன். சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் தன் ஆட்சியையே அமைச்சன் கட்டியங்காரன் கையில் கொடுத்துவிட்டு அரசி விசயையோடு அந்தப்புரத்தில் இருந்தான். பிறகு அந்தக் கட்டியங்காரனே அரண்மனையை வளைத்தான். விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் பிள்ளை பெற்றாள். இவனை ஒன்னான் என்று சொன்னால் சொல்லே சிரிக்கும். வள்ளுவரும் பகையை ஓர் அதிகாரத்தோடு விடவில்லை. பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல் என்று சொல்லிவிட்டு உட்பகையைத் தனியாகப் பிரிக்கிறார். ‘வாள்போல பகைவரை அஞ்சற்க’, உறவு போல வரும் பகைவருக்கு அஞ்சு என்கிறார். தாந்தேயும் நரகத்தின் ஆக அடித்தட்டைக் கொலைகாரர்களுக்குக் கொடுக்காமல் துரோகிகளுக்குத்தான் ஒதுக்கினார்.

இதற்குப் புதுச் சொல்லே வேண்டாம். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணலாமா’ என்று கேட்கிறோமே, அதிலிருந்து இரண்டகர். பேச்சில் இருக்கிறது, எழுத்தில் ஏற்றினால் போதும்.

கருத்துச் சொல்லுங்கள்.

—

மறுமொழி:

தம்பி,

மடல் கண்டேன். பொருநன் என்ற சொல்லை எடுத்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் சிலவற்றைக் கேட்காமல் விட முடியாது.

புறநானூறு 87ஐ நினைத்துப் பாருங்கள். ‘களம்புகல் ஓம்புமின் தெவ்விர்’ என்று ஒளவை பகைவரை எச்சரிக்கிறாள். ‘எம்முளும் உளன்ஒரு பொருநன்’ என்கிறாள். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன். அங்கே பகைவர் தெவ்வர், நம்மவன் பொருநன். நீங்கள் நம்மவனைக் கொண்டுபோய் எதிரணியில் நிறுத்துகிறீர்கள்.

ஒற்று வேறு இடிக்கிறது. எதிர்ப்பொருநர் என்பதை வேகமாகப் படித்தால் ‘எதிர்ப்பு ஒருநர்’ என்று பிரிகிறது.

பெரிய கேள்வி சிலம்பு. பொற்கொல்லனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை இளங்கோ. கோவலனை வெட்டிய கை அவனுடையதுமில்லை, குடித்திருந்த ஒரு காவலனுடையது. பாண்டியனோ ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி விழுந்து செத்தான். முற்பிறப்பில் கோவலன் சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்த பழிதான் வந்து சேர்ந்தது என்கிறது கட்டுரை காதை. ஊழையும் பொருநர் என்பீர்களா?

இரண்டகர் பிடித்திருக்கிறது. ஆனால் வீடணனை என்ன செய்வீர்கள்? ‘நின்னொடும் எழுவர் ஆனேம்’ என்று இராமன் தம்பியாக்கிக்கொண்டான். இலங்கைப் பக்கம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள். பெரியபுராணத்து முத்தநாதன் வேறு இருக்கிறான், சிவனடியார் வேடத்தில் வந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தியவன். அவன் மெய்ப்பொருளாருக்கு என்றைக்கு நண்பனாக இருந்தான், இரண்டகம் செய்ய?

—

மறுமொழி:

ஐயா,

வணக்கம். நீங்கள் இந்த இழையைப் படிக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன்.

ஒளவையின் பாட்டை நானும் எடுத்து வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். எனக்கு அது சாதகமாகத்தான் படுகிறது. பொருநன் நம்மவனாகவும் இருக்க முடிகிறது என்றால், சொல்லுக்குள் தீமை இல்லை என்றுதானே பொருள்? எந்தப் பக்கம் என்பதை ‘எதிர்’ சொல்லிக்கொள்ளும்.

ஒற்று விஷயத்தில் தோற்றேன். நேற்று கைப்பேசியில் அடித்தால் அதுவும் பிடிவாதமாக ‘எதிர்ப்பொருள்’ என்றே திருத்துகிறது. இடைவெளி விட்டு ‘எதிர்ப் பொருநர்’ என்று போட்டுவிடலாமா? எதிர்க்கட்சி மாதிரி ஒட்டித்தான் எழுத வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஊழ் பொருநர் ஆகாது. அதற்கு உருவம் இல்லை, களத்தில் வந்து நிற்பதில்லை. ஆள் அல்லாத எதிர்ப்புக்கு ‘எதிர்விசை’ என்று தனிப் பதிவு போடுகிறேன். கடல், பஞ்சம், விதி எல்லாம் அதில் அடங்கும். பொற்கொல்லனை அந்த எதிர்விசையின் கருவி என்று குறிப்பில் எழுதலாம்.

வீடணன் கேள்விக்கு எனக்குக் கும்பகருணன் ஞாபகம்தான் வருகிறது. நம்மோடு வந்துவிடு என்று தம்பி கூப்பிடும்போது, ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்கும் தெரியும். ஒரே தவறைப் பார்த்த இரண்டு தம்பிகள், ஆளுக்கொரு பக்கம். ஆகவே இரண்டகர் பதிவில் ‘யார் பார்வையில் என்பதைச் சேர்த்தே குறிப்பிடுக’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

முத்தநாதன்தான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. போரில் தோற்றுத் தோற்று, கடைசியில் உடம்பெல்லாம் திருநீறு பூசி, ‘மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து’ வருகிறான். விளக்கு எரிகிறது, உள்ளே மை சேர்கிறது. புத்தகக் கட்டுக்குள் கத்தி. நீங்கள் சொல்வது சரி, அவன் என்றைக்கும் பகைவன்தான், ஒட்டியவனே அல்ல. வஞ்சகர் என்று வைக்கலாமென்று பார்த்தேன். ஆனால் குத்துப்பட்டு விழும்போது, வாளோடு பாய்ந்த காவலன் தத்தனை மெய்ப்பொருளார் தடுத்துச் சொல்வது ‘தத்தா நமர்’. நமர், நம்மவர். நண்ணார், ஒன்னார் என்ற அத்தனை சொல்லுக்கும் நேர் எதிர்ச்சொல் அது. அதோடு விடவில்லை, அவனை யாரும் தொடாமல் ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லி, தத்தன் திரும்பி வந்து சேதி சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

குத்தியவன் கணக்கில் அது பகை. குத்துப்பட்டவர் கணக்கில் உறவு. இரண்டு கணக்கையும் ஒரே பதிவில் எழுத எனக்குத் தெரியவில்லை. எனவே எதிர்ப் பொருநர், இரண்டகர், எதிர்விசை மூன்றையும் கோப்பில் ஏற்றிவிட்டு முத்தநாதனை எடுத்துக்காட்டிலிருந்து நீக்கியிருக்கிறேன். நீங்கள் ஒரு வழி சொன்னால் சேர்க்கிறேன்.

அடுத்தது ஆன்ட்டி ஹீரோ. ‘எதிர்நாயகன்’ இப்போது காலியாக இருப்பதால் அதை அங்கேயே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.