இருமொழி சர்வதேசப் பள்ளி: அட்மிஷனுக்கு முன் கேட்க வேண்டியவையும் ஃபீஸ் தாளைப் படிக்கும் முறையும்

கேள்வி: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு முடித்தவள், மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். பாதிப் பாடம் ஆங்கிலத்திலும் மீதி உள்ளூர் மொழியிலும் நடத்தும் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறோம். உள்ளூர் மொழி இருவருக்கும் தெரியாது. ஃபீஸ் தாளை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடலாமா?

பதில்: வணக்கம். ஃபீஸை அப்புறம் பார்க்கலாம், மொழியை முதலில் கேளுங்கள். எந்தப் பாடம் எந்த மொழியில், வாரத்துக்கு எத்தனை பீரியட்? மகள் சேரப்போகும் வகுப்பின் கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கணக்கும் அறிவியலும் உள்ளூர் மொழியில் நடந்தால் அது ஒரு வகை. அவை ஆங்கிலத்தில் நடந்து, ஓவியமும் உடற்பயிற்சியும் மட்டும் உள்ளூர் மொழி என்றால் அது வேறு வகை. இரண்டையும் இருமொழிப் பள்ளி என்றுதான் சொல்வார்கள்.

"குழந்தைகள்தானே, ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள்" என்று யார் சொன்னாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் வருவது விளையாட்டு மைதானத்துப் பேச்சு. பேச்சு மொழியையும் பாடமொழியையும் 1979-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜிம் கம்மின்ஸ் என்ற மொழியியல் ஆய்வாளர். சரளமாகப் பேச ஏறக்குறைய இரண்டு ஆண்டு, பாடமொழியில் வகுப்பை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது அவரது கணிப்பு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. அதில் பாதியை எடுத்துவிட்டால் தொட்டியில் மீதி எவ்வளவு? விடை 3/8. "அதில் பாதி" என்பதைக் குழந்தை "பாதித் தொட்டி" என்று புரிந்துகொண்டால் 3/4-இலிருந்து 1/2-ஐக் கழித்து 1/4 என்று எழுதும். கழித்தலில் பிழையே இல்லை, தவறியது ஒரு சொல். ஆனால் ரிப்போர்ட்டில் "பின்னத்தில் பலவீனம்" என்று வந்துவிடும். அதற்காகத்தான் மொழி ஆதரவு வகுப்பு. அதைப் பற்றிக் கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு எந்தப் பாடம் நடக்கும்போது மகளை வெளியே அழைத்துப் போவார்கள்? கணக்கு வகுப்பிலிருந்து எடுத்தால் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கிறார்கள். எந்தத் தேர்வின் அடிப்படையில் ஆதரவை நிறுத்துவார்கள்? தனிக் கட்டணமா?

வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். பின்னம் தமிழில் புரிந்தால் பின்னம் புரிந்ததுதான், புது மொழியில் அதற்கான சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

வகுப்புப் பெயரில் ஏமாந்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் முறையில் "இயர்" எண், "கிரேடு" எண்ணை விட ஒன்று கூடுதல். மகள் போக வேண்டிய கிரேடு 4 என்பது இயர் 5. விண்ணப்பத்தில் இயர் 4 என்று நிரப்பினால் ஒரு வகுப்பு கீழே போய்விடுவாள். பிறந்த தேதிக் கெடுவும் பள்ளிக்குப் பள்ளி மாறும், எழுத்தில் கேளுங்கள்.

மகன் விஷயத்தில் அதிகக் கவனம் தேவை. அவன் போக வேண்டிய கிரேடு 10, பிரிட்டிஷ் கணக்கில் இயர் 11. பிரிட்டிஷ் முறையில் இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. பொதுவாக இயர் 10, 11 ஆகிய இரண்டு ஆண்டுப் படிப்பு. நேராக இயர் 11-இல் சேர்ந்தால் பாதியில் ஏறுகிறான். முதலாண்டுப் பாடமும் போயிருக்கும், பள்ளி எடுத்த தேர்வு போர்டின் சிலபஸும் புதிது. பல பள்ளிகள் இதனாலேயே மறுத்துவிடும். இயர் 10-இல் போடச் சொல்லிக் கேளுங்கள். ஓராண்டு பின்னால் போவது வீட்டில் பெரிய துக்கமாகப் பேசப்படும், ஆனால் தேர்வில் கஷ்டப்படப்போவது பையன்தான்.

நுழைவுத் தேர்வு கேட் 4 (CAT4, சிந்திக்கும் திறனை அளக்கும் தேர்வு) என்றால் அதில் நான்கு பகுதிகள்: சொல், எண், சொல்லில்லா வடிவம், இடஞ்சார் சிந்தனை. சராசரி 100. மொழி தெரியாத பிள்ளைக்குச் சொல் பகுதி இறங்கி, மற்ற மூன்றும் நன்றாக இருக்கலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் நான்கையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஆவணங்கள்: பிறப்புச் சான்று, அசல் டி.சி., கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் தாள், தடுப்பூசி அட்டை. அபோஸ்டில் (ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்பதற்கான முத்திரை) கேட்பார்களா என்று முன்பே விசாரியுங்கள். இந்தியா 2005 முதல் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. வந்த நாடு அந்த உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம். ஊரில் இருக்கும் உறவினர் மூலம் செய்வதானால் வாரக்கணக்கில் இழுக்கும்.

காசநோய்ப் பரிசோதனை கேட்கும் இடங்களில், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை. அதை ஏற்பார்களா என்று பள்ளி நர்ஸிடம் கேளுங்கள்.

இன்னொருவர் பதில்: ஃபீஸ் பக்கத்தை நான் எழுதுகிறேன். தாளின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது டியூஷன் மட்டும். ஒரு பள்ளியின் டியூஷனை 100 என்று வைத்துக்கொள்வோம் (இவை கணக்குக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள்). விண்ணப்பம் 1, சேர்க்கைக் கட்டணம் 8, டெபாசிட் 10, கட்டட நிதி 7, மொழி ஆதரவு 12, பஸ் 10, மதிய உணவு 7, சீருடையும் லேப்டாப்பும் 6. முதலாண்டில் கையை விட்டுப் போவது 161. அடுத்த ஆண்டு டியூஷன் 5 சதவீதம் ஏறினால் 105, அதோடு கட்டட நிதி, மொழி ஆதரவு, பஸ், உணவு சேர்த்து 141. இரண்டாண்டுக்கு 302.

பக்கத்துப் பள்ளியில் டியூஷன் 115. ஆனால் மொழி ஆதரவும் உணவும் உள்ளடக்கம், கட்டட நிதி கிடையாது. விண்ணப்பம், சேர்க்கை, டெபாசிட், பஸ், சீருடை எல்லாம் அதே அளவு. முதலாண்டு 150, அடுத்த ஆண்டு அதே 5 சதவீத ஏற்றத்தோடு சுமார் 131, மொத்தம் 281. விலை கூடிய பள்ளிதான் 21 குறைவு. அதனால் எப்போதும் இரண்டாண்டுக்குக் கூட்டுங்கள், அதுவும் உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படும் வரிகளை வைத்து.

கட்டட நிதியும் டிபென்ச்சரும் (பள்ளிக்குக் கடன் போலக் கொடுத்து வைக்கும் தொகை) ஒன்றல்ல. நிதி என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். டிபென்ச்சரில் முழுதும் திரும்புவதுண்டு, ஆண்டுக்கு ஆண்டு தேய்வதுண்டு, வேறொரு பெற்றோருக்கு விற்கக்கூடியதும் உண்டு. எந்த வகை என்று ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி கட்டுகிறது என்றால் ஆஃபர் லெட்டரில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "டியூஷன்" என்று மட்டும் இருந்தால் பஸ்ஸும் மொழி ஆதரவும் உங்கள் தலையில். கம்பெனி தரும் பள்ளிக் கட்டணத்தைச் சம்பளமாகக் கருதி வரி போடும் நாடுகள் பல. அந்த வரியை யார் ஏற்பது? பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது என்றால், வேலை போனாலும் பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்கள்.

வங்கியில் அனுப்பும்போது எல்லா வங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நடுவிலுள்ள வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், தொகை குறைந்து போய்ச் சேரும், கெடு தாண்டிய அபராதமும் வரலாம். குறிப்பில் மாணவர் எண்ணையும் போடுங்கள்.

கேள்வி: நன்றி. பள்ளி ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) என்கிறார்கள். மகனுக்கு டாக்டர் ஆசை, திரும்ப ஊரில் படிக்கவும் வாய்ப்பு உண்டு. அதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, இப்போதே பாருங்கள். முதலில் ஐ.பி.யின் சொந்தத் தளத்தில் பள்ளிப் பெயரைத் தேடுங்கள். "கேண்டிடேட்" என்றிருந்தால் இன்னும் அனுமதி வரவில்லை என்று பொருள். தொடக்கநிலைத் திட்டத்துக்கு மட்டும் அனுமதி இருந்து, பதினொன்று பன்னிரண்டுக்கான டிப்ளமாவுக்கு இல்லாமலும் இருக்கும்.

நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். ஐ.பி. டிப்ளமாவில் ஆறு பாடம்: இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணக்கு, ஒரு கலை. கலைக்குப் பதில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம். அதோடு இரண்டு ஆகிவிடும், மூன்றாவதுக்கு இடமில்லை. மூன்று அறிவியலும் எடுக்க வேண்டுமானால், பல்கலைக்கழகத் தேவையைக் காட்டி விதிவிலக்கான டிப்ளமாவுக்குப் பள்ளிதான் ஐ.பி.யிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளர் அதைச் செய்து தருவாரா, மூன்றும் கால அட்டவணையில் மோதாமல் வருமா என்பதைச் சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்குத் திரும்பினால், ஐ.பி. படிப்பு இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை என்ற சமநிலைச் சான்று தருவது டெல்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்.

ஐ.பி.யில் இருமொழி டிப்ளமா தனியே உண்டு. இரண்டு மொழிகளை முதல்மொழித் தரத்தில் எடுத்து இரண்டிலும் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கிடைக்கும். பள்ளி இருமொழிப் பள்ளி என்பதால் அது தானாக வந்துவிடாது.

இன்னொருவர்: விலகும் விதியை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு முழு டேர்ம் முன்னறிவிப்பு, எழுத்தில். டேர்ம் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கடிதம் கொடுத்தால் அந்த டேர்ம் கணக்கில் வராது, அடுத்த டேர்முக்கும் ஃபீஸ் கேட்பார்கள். டெபாசிட்டையும் அதில் கழித்துக்கொள்வார்கள். மாற்றல் வரலாம் என்ற பேச்சு ஆபீசில் அடிபட்டாலே அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, கடைசித் தேதி எது என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.